சனி ஞாயிறில் கூட்டாளிமாரோடு வெளிக்கிட முன்னம்: வன்னியிலிருந்து ஐரோப்பா வருகிற பிள்ளைகளுக்கு

வன்னியிலிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்படுகிற பிள்ளைக்கு வழியனுப்ப வருகிற ஒவ்வொருவரும் ஒரு புத்திமதி வைத்திருப்பார்கள். காசைக் கவனமாகப் பிடி, வேலையை விடாதே, ஊர் சுத்தித் திரியாதே. முதல் இரண்டும் சரி. மூன்றாவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கன வருடமாக ஜெர்மனியில் இருக்கிறேன். லீவில் பரந்தனுக்கு வந்து நிற்கிற இந்த நாட்களில், கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் மாங்குளத்திலும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது இதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

காணியை ஈடு வைத்து, நகையை அடகு வைத்து அனுப்பப்பட்ட பிள்ளை சனி ஞாயிறில் அறையை விட்டு வெளியே வராது. சனிக்கிழமை உடுப்புத் தோய்த்து, ஒரு சட்டி கறி வைத்து, போனைப் பார்த்தபடி படுத்தால் ஞாயிறும் போய்விடும். மார்கழியில் பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடுகிற நாடுகள் அவை. அங்கே ஒரு மாரிகாலம் முழுவதையும் இப்படித் தனியே கழிப்பது மனிதரைத் தின்னும். போரையும் முகாமையும் பார்த்த வீட்டிலிருந்து போன பிள்ளைக்கு அந்தத் தனிமை இன்னும் பாரம். ஆகையால் மாதத்தில் ஒருநாளாவது நாலு பேரோடு வெளியே போங்கள். கடன் கட்டுகிற காலத்திலும் போங்கள். அதற்குச் செலவழிகிற இருபது முப்பது யூரோவில் கடன் கூடிவிடாது. மொழியும் ரெயினும் அந்த நாட்டுச் சனத்தின் போக்கும் வகுப்பில் இருந்து பிடிபடுவதைவிட இப்படித் திரிந்தால் கெதியாகப் பிடிபடும்.

முதலில் காகிதம்

பயணத்தைப் பற்றி யோசிக்க முன்னம் உங்கள் கையில் இருப்பது என்ன அனுமதி என்று பாருங்கள். ஷெங்கன் நாடு ஒன்றின் வதிவிட அட்டையோ நீண்டகால விசாவோ உங்களிடம் இருந்தால், செல்லுபடியாகும் பாஸ்போட்டோடு மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு வேறு விசா இல்லாமல் போய்வரலாம். எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1இலிருந்து முழுமையாக உள்ளே வந்துவிட்டன. இங்கிலாந்தும் அயர்லாந்தும் வெளியே. லண்டனில் மாமா இருக்கிறார், ஒரு சனிக்கிழமை எட்டிப் பார்த்துவிட்டு வருவோம் என்று யாரும் கிளம்ப முடியாது. அதற்குத் தனி விசா வேண்டும்.

அகதி விண்ணப்பம் போட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளுக்கு இதில் எதுவும் பொருந்தாது. நீங்கள் எல்லை தாண்டக்கூடாது. ஜெர்மனியில் முதல் மாதங்களில் உங்களுக்கு ஒதுக்கிய பகுதியை விட்டு வெளியே போகவே அனுமதி எடுக்க வேண்டியிருக்கும். எல்லை என்றவுடன் முள்ளுக்கம்பியும் சென்ரியும் இருக்கும் என்று நினைத்து வருகிறோம். போர்க்காலத்தில் எங்களுக்கு ஓமந்தை, முகமாலைச் சோதனைச்சாவடிகள்தானே எல்லை. ஐரோப்பாவில் அப்படி ஒன்றும் கண்ணில் படாது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் டிராம் ஏறினால் ரைன் ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஜெர்மனியின் கேலில் இறங்குவீர்கள். ஜெர்மனியின் கொன்ஸ்தான்ஸ் நகரில் கடைத்தெருவால் நடந்துகொண்டே சுவிசுக்குள் போய்விடலாம். கூட்டாளிமார் எல்லோரும் போகிறார்கள் என்று நீங்களும் டிராமில் ஏறி, அந்தப் பக்கம் பொலிஸ் மறித்தால், உங்கள் கேசில் அது ஒரு கறையாக விழும். ஜெர்மனி 2024 செப்டெம்பரில் தன் தரைவழி எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை தொடங்கியது. கேஸ் முடியும்வரை உள்நாட்டிலேயே பாருங்கள். உள்ளேயே பார்க்க எவ்வளவோ இருக்கிறது. கூட வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: குழுவில் ஒருவருக்கு வதிவிட அட்டை (காட்) இல்லை என்றால் எல்லை தாண்டுகிற திட்டத்தையே போடாதீர்கள். அவரை விட்டுவிட்டும் போகாதீர்கள்.

காட் உள்ளவர்கள் பாஸ்போட்டையும் காட்டையும் அசலாகவே கொண்டு போங்கள். போனில் எடுத்த படம் எடுபடாது. காட் முடிந்து புதுப்பிக்கக் கொடுத்திருக்கிற இடைக்காலத்தில், அலுவலகத்தில் கேட்டுத் தெளியாமல் வெளிநாட்டுப் பயணம் வேண்டாம்.

டிக்கெட்

ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு டொச்லாண்ட் டிக்கெட் பெரிய உதவி. 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கி, 2026இல் மாதம் 63 யூரோவுக்கு வந்து நிற்கிறது. நாடு முழுவதும் உள்ளூர் பஸ், டிராம், பிராந்திய ரெயின் எல்லாவற்றிலும் ஓடலாம். பல பல்கலைக்கழகங்களில் மாணவர் கட்டணத்தோடே இதன் மாணவர் டிக்கெட்டும் வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.சி.ஈ., ஐ.சி. போன்ற விரைவு ரெயின்களில் இது செல்லாது. பெரிய ஸ்டேசனில் ஒரே திசைக்கு இரண்டு ரெயினும் அடுத்தடுத்த மேடையில் நிற்கும். பிராந்திய, உள்ளூர் ரெயின்களைக் குறிக்கிற ஆர்.ஈ., ஆர்.பி., எஸ் என்ற எழுத்துகள் பலகையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. திரும்பத் திரும்பப் பிடிபட்டால் அது குற்ற வழக்காகும், விசா புதுப்பிக்கிற நேரம் இடிக்கும். இந்த டிக்கெட் மாதாமாதம் தானாக நீள்கிற சந்தா. நிறுத்துவதென்றால் 10ஆம் திகதிக்குள் அறிவிக்க வேண்டும்.

மாத டிக்கெட் இல்லாதவர்கள் லேண்டர் டிக்கெட் எடுக்கலாம். ஒரு மாநிலத்துக்குள் ஒரு நாள் முழுக்க, ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். கிழமை நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். சனி ஞாயிறில் அந்தத் தடை இல்லை. அச்சடித்த டிக்கெட் என்றால் அதில் உங்கள் பெயர்களைப் பேனையால் எழுத ஒரு இடம் இருக்கும். எழுதாமல் ஏறாதீர்கள். எங்கள் பெயர்கள் நீளம், கோடு சின்னது. பாஸ்போட்டில் உள்ள பெயரை அடங்குகிற மாதிரி எழுதினால் போதும்.

சுவிசில் எல்லாம் விலை. அங்கே ஒரு வருடத்துக்கு மேல் இருக்கப் போகிறீர்கள் என்றால் ஹல்ப்டாக்ஸ் காட் முதலில் எடுங்கள். பெரும்பாலான பயணங்கள் பாதி விலைக்கு வரும். உங்கள் ஊர் நகரசபையில் விற்கிற நாள் டிக்கெட்டையும் விசாரியுங்கள். எண்ணிக்கை குறைவு, முந்தி எடுத்தால் மலிவு. பாரிசில் நவிகோ மாத அட்டை இருந்தால் பாரிசைச் சூழ்ந்த இல்-து-பிரான்ஸ் பகுதி முழுவதும் உங்களுடையது. பொந்தன்புளோ காடு, பழைய கோட்டை மதிலோடு இருக்கிற புரோவன் எல்லாம் மேலதிகக் காசு இல்லாமல் போகலாம். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கடை வாசலில் நின்றே ஞாயிறைக் கழிக்கிற தம்பிமாருக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கிழமை அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரைதான், எந்த நாளில் வாங்கினாலும். இத்தாலியில் உள்ளூர் ரெயினின் காகித டிக்கெட்டை ஏற முன்னம் மேடையில் உள்ள பெட்டியில் குத்திக்கொள்ள வேண்டும்.

எங்கே போவது

ஆரம்பத்தில் ஈபிள் கோபுரத்தடியும் சுவிசின் யுங்பிராவ் பனிமலையும்தான் மனதில் இருக்கும். போங்கள், தப்பில்லை. ஆனால் 3,454 மீற்றர் உயரத்துக்கு ரெயினில் ஏற ஒரு ஆளுக்கு ஆகிற காசில் அதே பள்ளத்தாக்கில் இரண்டு மூன்று தடவை கால்நடையாகத் திரியலாம். சுவிசின் சப்ஹௌசனில் ரைன் நீர்வீழ்ச்சி 150 மீற்றர் அகலத்தில் விழுகிறது, கரையில் நின்று பார்க்கப் பெரிய செலவில்லை. கொலோன் தேவாலயக் கோபுரத்தில் 533 படி. ஏறுங்கள், அடுத்த நாள் கால் சொல்லும்.

எங்கள் ஊர் நாட்காட்டியையும் கையில் வைத்திருங்கள். வற்றாப்பளை அம்மன் கோவிலில் வைகாசிப் பொங்கல் நடக்கிற பருவத்தையொட்டித்தான் ஜெர்மனியின் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் தேர் ஓடும். மடு மாதா கோவிலுக்கு ஆவணித் திருவிழாவுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு, அதே ஓகஸ்ட்டில் ஒல்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் உள்ள கேவலாரில் தமிழர் யாத்திரை இருக்கிறது. மடுவைப் போலவே அங்கும் சைவர்களும் வருவார்கள். பாரிஸ் மாணிக்கப் பிள்ளையார் தேர் கோடை முடிகிற நேரம். இத்தாலியின் பலேர்மோவில் இருப்பவர்கள் புனித ரொசாலியாவின் மலைக்கு ஏறுவதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு அறை, வேலை, ஆள் அறிமுகம் எல்லாம் இப்படியான கூட்டத்தில்தான் அமையும். முதல் பயணம் இதில் ஒன்றாக இருந்தால் நல்லது.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். சீனிச்சம்பல் வைத்த பாண், ரோல்ஸ், கட்லட் எதுவும் ஒரு நாளைக்குக் கெடாது. ஆட்டிறைச்சிக் கறியை ரெயினுக்குள் திறக்க வேண்டாம், பூங்காவில் இருந்து ஆறுதலாகச் சாப்பிடலாம். ஜெர்மனி, சுவிஸ், ஒஸ்திரியாவில் ஞாயிறு பெரும்பாலான கடை பூட்டு, பெரிய ஸ்டேசன் போன்ற இடங்களில் உள்ளவை திறந்திருக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், போத்தலை நிரப்பிக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும். அடுப்பு மூட்டுவதென்றால் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும். எங்கள் ஊரில் குளக்கட்டடியில் மூன்று கல்லை வைத்து மூட்டுவது போல அங்கே காட்டுக்குள் செய்தால் தண்டம் கட்டவேண்டி வரும்.

மார்ச் கடைசி ஞாயிறில் மணிக்கூட்டை ஒரு மணி முன்னுக்கு வைப்பார்கள், ஒக்டோபர் கடைசி ஞாயிறில் பின்னுக்கு. அந்த ஞாயிறுகளில் காலை ரெயின் பிடிக்க இருந்தால் நினைவில் வையுங்கள். போன் டேட்டா ஒன்றிய நாடுகளுக்குள் மேலதிகக் காசில்லாமல் ஓடும். சுவிஸ் அதற்குள் வராது. பாசல் பக்கம் போகும்போது ரோமிங்கை நிறுத்திவிடுங்கள்.

தண்ணீர்

இதைப் பொறுமையாக வாசியுங்கள். இரணைமடுவிலும் வவுனிக்குளத்திலும் முத்தையன்கட்டிலும் நீந்தி வளர்ந்தவர்கள் நாங்கள். முல்லைத்தீவுக் கடலில் குதித்தவர்கள். அந்தத் துணிவுதான் அங்கே ஆபத்து. எங்கள் குளத்துத் தண்ணீர் சூடு. அல்ப்ஸ் மலையிலிருந்து வருகிற ஆறு ஆடி மாத வெயிலிலும் பனி உருகிய தண்ணீர். 15 பாகைக்குக் குறைந்த தண்ணீரில் திடீரென விழுந்தால் மூச்சு தானாக இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் எவ்வளவு நல்ல நீச்சல்காரனுக்கும் முடிவுதான். பிறகு கையும் காலும் விறைக்கும். ரைனில் இன்னொரு கேடு உண்டு. பெரிய சரக்குக் கப்பல் போகும்போது கரைத் தண்ணீரை உள்ளுக்கு இழுத்துவிட்டுத் திரும்பத் தள்ளும். முழங்கால் தண்ணீரில் நின்றவரையும் அடித்துக்கொண்டு போகும்.

உயிர்காப்பாளர் இருக்கிற குளியல் இடத்தில் மட்டும் இறங்குங்கள். ஜெர்மனியில் மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான கொடி பறந்தால் காவல் இருக்கிறது, தனிச் சிவப்பு என்றால் குளிக்கத் தடை. சுவிசின் பேர்ணில் அந்த ஊர்ச் சனம் ஆரே ஆற்றில் மிதந்து போகிறதே என்று பார்த்துக் குதிக்காதீர்கள். அவர்களுக்கு எந்தப் படியால் ஏற வேண்டும் என்று சிறுவயதிலிருந்தே தெரியும். மெல்ல மெல்ல நனைந்து இறங்குங்கள். குடித்தவரை இறங்க விடவே வேண்டாம், கோபித்தாலும் பரவாயில்லை. எதுவும் நடந்தால் 112, எந்த ஒன்றிய நாட்டிலும், சுவிசிலும்.

கார் வாடகைக்கு எடுப்பவர்களுக்குச் சுருக்கமாக: இலங்கை லைசன்ஸ் ஜெர்மனியில் குடியேறி 6 மாதம், சுவிசில் 12 மாதம் வரைதான் ஓடும். ஐந்து பேர் காரில் ஐந்து பேர். ஹையேஸ் வானில் மடுவுக்கு அடைந்து போன பழக்கத்தை இங்கே விட்டுவிட்டுப் போங்கள். சுவிஸ் பெருந்தெருவுக்கு விக்னெட் என்கிற வருடக் கட்டண ஸ்டிக்கர் 40 பிராங்.

கணக்கை அன்றிரவே தீருங்கள். ஒருவர் எல்லாவற்றையும் எழுதி, ஆளுக்கு இவ்வளவு என்று குழுவில் போட்டுவிட்டால் மனக்கசப்பு வராது. வேலை இன்னும் கிடைக்காத பிள்ளை ஒன்று கூட இருந்தால் மற்றவர்கள் அவருடைய டிக்கெட்டைப் பகிர்ந்து எடுங்கள். லேண்டர் டிக்கெட்டில் ஐந்தாவது ஆளுக்கு ஆகிற மேலதிகம் சின்னத் தொகை.

படம் அனுப்பும்போது விலையையும் சேர்த்து அனுப்புங்கள். பனிமலைப் படத்தை மட்டும் பார்த்தால் பிள்ளையிடம் காசு குவிந்துவிட்டது என்று வன்னியில் நினைப்பார்கள், அடுத்த நாளே கடன்காரர் வாசலுக்கு வருவார். அம்மாவிடம் சொல்லுங்கள்: ஐந்து பேர் ஒரு டிக்கெட், பாண் வீட்டில் கட்டினது. இங்கே இருக்கிற அம்மா அப்பாமாருக்கும் சொல்கிறேன், பிள்ளை வெளியே போனால் சந்தோசப்படுங்கள். கோடையில் மூன்றரை மணி, மாரியில் நாலரை மணி நீங்கள் முன்னுக்கு நிற்கிறீர்கள். ஞாயிறு இரவு 10 மணிக்கு இங்கிருந்து எடுத்தால் அங்கே கோடையில் மாலை 6.30. பிள்ளை திரும்பி வருகிற ரெயினில் இருக்கும், ஆறுதலாகக் கதைக்கலாம்.