அஸ்தியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக என்னென்ன பேப்பர் வேண்டும்?

டிக்கெட் போடும் முன்னால், அஸ்தி போய்ச் சேர வேண்டிய நாட்டின் தூதரகத்தைக் கேட்டுவிடுங்கள். சில நாடுகளுக்கு இரண்டு சான்றிதழ் போதும், சில நாடுகள் தூதரகத்தின் அனுமதிக் கடிதம் இல்லாமல் உள்ளே விடாது, இன்னும் சில இடங்களில் அஸ்தியை வீட்டில் வைத்துக்கொள்ளவே சட்டம் இடம் தராது. நடுவில் விமானம் மாறுகிற நாட்டையும் கூடவே விசாரியுங்கள்.

எங்கே போனாலும் கேட்பது இறப்புச் சான்றிதழும் தகனச் சான்றிதழும். இவற்றோடு, கலசத்தில் இன்னாருடைய அஸ்தி மட்டும்தான் இருக்கிறது, வேறு எதுவும் இல்லை என்று தகனம் செய்த இடத்தில் ஒரு கடிதம் வாங்கி, கலசத்தையும் அங்கேயே சீல் வைத்துவிட்டால் நல்லது. எல்லாப் பேப்பரிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், தகனச் சான்றிதழில் வெறும் இனிஷியல் இருக்கும், கவுண்டரில் அதையே பிடித்துக்கொள்வார்கள். இறந்தவரின் பாஸ்போர்ட்டை ரத்து செய்யக் கொடுப்பதற்கு முன் நகல் எடுத்து வையுங்கள்.

சான்றிதழ் அந்த நாட்டு மொழியில் இல்லை என்றால் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம்தான் போக வேண்டும், நாமே மொழிபெயர்த்துக் கொடுத்தால் செல்லாது. ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு எளிதாக ஏற்றுக்கொள்ள வழிசெய்யும் 1961 ஹேக் உடன்படிக்கையில் இரண்டு நாடும் இருந்து, அது இரண்டுக்கும் இடையே நடைமுறையிலும் இருந்தால் அப்போஸ்டில் முத்திரை போதும்; ஆவணத்தைக் கொடுத்த நாட்டின் அரசு, அதிலுள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று தரும் சான்று அது. இல்லையென்றால் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்க வேண்டியிருக்கும், அதற்கு நாளாகும்.

அப்புறம் கலசம். பித்தளை, கல், கனமான பீங்கான் எல்லாம் பார்க்க அழகுதான், ஆனால் எக்ஸ்ரே திரையில் உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது, தெரியாததை விமானத்தில் ஏற்றவும் விடமாட்டார்கள். அமெரிக்க விமான நிலையங்களில் கலசத்தைத் திறந்து பார்க்க நாமே சொன்னாலும் அதிகாரிகள் திறக்க மாட்டார்கள். மரம், பிளாஸ்டிக், அட்டை என்றால் பிரச்சினை இல்லை. நல்ல கலசத்தைக் காலியாகப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்.

கைப்பையில் கொண்டுபோவதுதான் என் யோசனை, பெட்டி தொலைந்தால் யாரிடம் போய் அழுவது? ஆனால் விமான நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும், அவர்கள் சொல்வதை மின்னஞ்சலில் வாங்கி அச்செடுத்து வையுங்கள். மூலப் பேப்பர் எல்லாம் உங்கள் கையில், ஒரு செட் நகல் கலசத்தோடு. இறங்கியதும் சுங்கத்தில் அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள். கூரியரில் அனுப்பலாமே என்று தோன்றும், பெரிய கூரியர் நிறுவனங்கள் பலவும் அஸ்தியை எடுப்பதில்லை.