சங்கத்தின் வார மடல் எழுதுவது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்றவருக்கு

ரோட்டரி என்ற சேவைச் சங்கத்தின் ஆண்டு ஜூலை 1 அன்று பிறக்கிறது. புதிய தலைவருக்குப் பொன்னாடை, செயலாளருக்குக் கோப்புகள். வார மடல் மட்டும், "நீங்கள்தான் நன்றாக எழுதுவீர்களே" என்ற ஒற்றைத் தகுதியின் பேரில் ஒரு புது உறுப்பினரின் தலையில் விழும். ஓர் ஆண்டு அந்தத் தலை என்னுடையதாக இருந்தது.

மடல் யாருக்கு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு வந்தவருக்கு நடந்தது தெரியும். கடையை மூட நேரமாகிவிட்டதால் வர முடியாமல் போனவருக்குத்தான் நீங்கள் எழுதுகிறீர்கள்.

படி 1: கூட்டத்துக்கு முன்

செயலாளரிடம் நிகழ்ச்சி நிரலை வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சாளர் வந்ததும் அவருடைய பெயரையும் முன்னெழுத்தையும் அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சின் சாரத்தைத் தப்பாக எழுதினாலும் மன்னிப்பார்கள். முன்னெழுத்து மாறினால் மன்னிக்கமாட்டார்கள்.

படி 2: கூட்டத்தில்

குறிப்பேட்டின் பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: நடந்தது, முடிவானது, இனி வருவது. தலைவர் மணி அடித்ததிலிருந்து நாட்டுப்பண் வரை காதில் விழுவதை எல்லாம் எழுத வேண்டாம். வரவேற்புரையின்போது பேனாவுக்கு ஓய்வு கொடுக்கலாம். தொகை, தேதி, இடம், பொறுப்பாளர் என்ற நான்கும் வரும்போது விழித்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள், திருமணநாள் பட்டியல் செயலாளரிடமே இருக்கும்.

கூட்டம் முடிந்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். உண்மையான செய்திகள் மேடையில் அல்ல, சாப்பாட்டு மேசையில்தான் கிடைக்கும். எங்கள் சங்கம் ஒரு பள்ளிக்குக் கொடுத்த தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி வடிகட்டி மாற்றாமல் நின்றுபோய்க் கிடந்தது எனக்குத் தெரியவந்தது இரண்டாவது தோசைக்கும் மூன்றாவது தோசைக்கும் நடுவில்தான். அடுத்த வார மடலில் அதுதான் முதல் செய்தி. சிலருக்கு வருத்தம், வடிகட்டி மாற்றப்பட்டது.

படி 3: எழுதுவது

நடந்த வரிசையில் எழுதாதீர்கள். இனி வருவதை முதலில் போடுங்கள், முடிவானதை அடுத்து, நடந்ததைக் கடைசியில்.

"பேச்சாளர் சிறப்பாக உரையாற்றினார், அனைவரும் பயனடைந்தனர்" என்ற வாக்கியத்தை இன்றே கைவிடுங்கள். என்ன பயன்? கண் மருத்துவர் பேசினார் என்றால், "சர்க்கரை நோய் உள்ளவர்கள் பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார்" என்று எழுதுங்கள். வராதவருக்கும் ஒன்று கிடைத்துவிடும்.

அறிவிப்பிலும் இதே முறைதான். "இரத்ததான முகாம், அனைவரும் வருக" என்றால் வந்தவர்களில் பலர் திரும்பிப் போக நேரும். வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ, முன்பு கொடுத்திருந்தால் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி, வெறும் வயிற்றோடு வரக் கூடாது என்று எழுதிவிடுங்கள்.

"வரும் ஞாயிறு" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். நான் எழுதினேன். மடலை நான்கு நாள் தாமதமாகப் படித்த இரண்டு மூத்த உறுப்பினர்கள், கண் சிகிச்சை முகாம் முடிந்த அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு, பூட்டிய பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து கிழமையோடு தேதியும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

படி 4: படம்

ஒரு காசோலையைப் பதினொரு பேர் பிடித்திருக்கும் படம் ஒன்று எப்படியும் வரும். அதைத் தவிர்க்க எனக்கு வழி தெரியவில்லை. பெயர்களை இடமிருந்து வலமாகச் சரிபார்த்துவிடுங்கள். ஆனால் உதவி பெறுகிறவரின் முகத்தை அவரிடம் கேட்காமல் போடாதீர்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும். உதவியாகத் தையல் இயந்திரம் பெற்றவருக்கு அது ஒரு பிழைப்பு, உங்கள் பக்கத்துக்கு அலங்காரம் அல்ல.

படி 5: சரிபார்ப்பு

இதற்கு ரோட்டரியிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. 1932-இல் சிகாகோவில் நொடித்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த ஹெர்பர்ட் டெய்லர் எழுதிய நான்கு கேள்விகளை 1943-இல் ரோட்டரி தனதாக்கிக்கொண்டது. இது உண்மையா, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமானதா என்ற முதல் இரண்டையும் ஒவ்வொரு பத்தியிடமும் கேட்டுப் பாருங்கள். எண்பது பேர் வந்த முகாமை "நூற்றுக்கணக்கானோர்" என்று எழுதியிருந்தால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஓடியாடி வேலை செய்தவர் பெயர் விடுபட்டு, படத்துக்கு மட்டும் வந்தவர் பெயர் இருந்தால் இரண்டாவதில்.

படி 6: அனுப்புதல்

மறுநாள் இரவுக்குள் மடலை வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பாக அனுப்பிவிடுங்கள். முதல் நான்கு வரிகளைக் கோப்பைத் திறக்காமலே படிக்கும்படி செய்தியாகவே போடுங்கள். பாதிப் பேர் கோப்பைத் திறக்கமாட்டார்கள். ஒரு பிரதியை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். ஜூன் மாதம் ஆண்டறிக்கை எழுத உட்காரும் செயலாளர், எத்தனை முகாம், எத்தனை கண்ணாடி, எவ்வளவு செலவு என்று அதைத் தேடிக்கொண்டுதான் உங்கள் வீட்டுக்கு வருவார்.