ரோல் பிளேயரா இருந்துக்கிட்டே ஆல்-டிஃபென்சிவ் டீம்ல இடம் புடிக்கிறது எப்படி?

அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏல மேட்சுக்கு எட்டு பாயிண்ட் எடுக்குற ரோல் பிளேயர், அதாவது ஸ்டார் இல்லாம குறிப்பிட்ட வேலைக்குன்னு இருக்குற ஆளு, ஆல்-ஸ்டார் ஆகுறது ரொம்ப அபூர்வம், ஆனா சீசனோட சிறந்த டிஃபெண்டர்களுக்குக் குடுக்குற ஆல்-டிஃபென்சிவ் டீம்ல வரலாம். ஃபர்ஸ்ட் டீம்ல 5, செகண்ட் டீம்ல 5, மொத்தம் 10 இடம். முன்னாடி கோச்சுங்க ஓட்டு போட்டாங்க, 2013-14ல இருந்து மீடியாக்காரங்க போடுறாங்க.

முதல்ல கத்துக்க வேண்டியது கார்னர் த்ரீ, அதாவது கோர்ட் மூலையில நின்னு போடுற மூணு பாயிண்ட் ஷாட். டிஃபென்ஸ்னு சொல்லிட்டு ஷூட்டிங் பேசுறியேன்னு கேப்பீங்க, கோச் உங்களை கோர்ட்ல வெச்சிருந்தாத்தானே டிஃபென்ஸ் ஆட முடியும்? புரூஸ் போவனை டிராஃப்ட்ல (டீம்கள் புது பிளேயர்களைத் தேர்ந்தெடுக்குற நிகழ்ச்சி) யாருமே எடுக்கல, பிரான்ஸ் வரைக்கும் போய் ஆடிட்டு வந்தவர், ஸ்பர்ஸ் டீம்ல கார்னர்ல நின்னு த்ரீ போட்டே நிமிஷங்களை சம்பாதிச்சாரு, 2002-03ல லீக்லயே அதிக த்ரீ சதவீதம் அவருக்குத்தான், மொத்தம் 8 தடவை ஆல்-டிஃபென்சிவ். ஷாட் இல்லன்னா என்ன ஆகும்னு மெம்ஃபிஸ் டீம்ல இருந்த டோனி ஆலனைப் பாருங்க. 2015 பிளேஆஃப்ல (சீசனுக்கு அப்புறம் நடக்குற நாக்அவுட் தொடர்) வாரியர்ஸ் டீம்கிட்ட பந்தைப் புடுங்கிப் புடுங்கி "ஃபர்ஸ்ட் டீம் ஆல்-டிஃபென்ஸ்"னு கத்துனாரு, 4வது கேம்ல வாரியர்ஸ் அவங்க சென்டர் போகட்டை அவர் மேல போட்டு, நீ ஷூட் பண்ணிக்கோன்னு விட்டுட்டாங்க, 2-1னு முன்னாடி இருந்த மெம்ஃபிஸ் 4-2ல தோத்துருச்சு. எனக்கு இன்னும் மனசு ஆறல, அவ்ளோ நல்ல டிஃபெண்டர்.

அடுத்தது, எதிர் டீமோட பெரிய ஸ்கோரரை நான் பாத்துக்குறேன்னு கோச்கிட்ட நீங்களே கேளுங்க. ஓட்டு போடுறவங்க எல்லா மேட்சையும் பாக்க முடியாது, ஆனா யார் யாரை மடக்குனாங்கன்னு ஞாபகம் இருக்கும். லூ டோர்ட்டும் டிராஃப்ட் ஆகாதவர்தான், 2020 பிளேஆஃப்ல பெரிய ஸ்கோரர் ஹார்டனை விடாம ஒட்டி நின்னுதான் பேர் வெளிய தெரிஞ்சுது. அப்போ த்ரீ சுமார்தான், 2024-25ல அது 40 சதவீதத்தைத் தாண்டுச்சு, அதே சீசன் ஃபர்ஸ்ட் டீம்.

ஸ்டீல், அதாவது பந்தைப் புடுங்குறது, கண்ணுல படும், டைசன் டேனியல்ஸ் 2024-25ல மேட்சுக்கு 3 எடுத்து ஃபர்ஸ்ட் டீம் வந்தாரு. ஆனா அவர் கை வேகம் எல்லாருக்கும் வராது, சும்மா பாஞ்சு ஏமாந்தா பின்னாடி அஞ்சுக்கு நாலு ஆயிரும், கோச் உடனே பெஞ்சுக்கு கூப்பிட்டுருவாரு. கால்தான் முக்கியம், ஆளுக்கு முன்னாடியே நில்லுங்க, கை அப்புறம். டிஃப்ளெக்‌ஷன் (பந்தைத் தட்டி விடுறது), சார்ஜ் (மோத வர்ற ஆளுக்கு முன்னாடி நின்னு ஃபவுல் வாங்குறது), லூஸ் பால் (யார் கையிலயும் இல்லாத பந்தை எடுக்குறது) எல்லாத்தையும் லீக் இப்போ எண்ணுது, அதனால அந்த உழைப்பும் கணக்குல வரும்.

உடம்பையும் பாத்துக்கோங்க, 2023-24ல இருந்து இந்த லிஸ்ட்ல வரணும்னா 65 மேட்ச் ஆடணும், அதுவும் கிட்டத்தட்ட எல்லாத்துலயும் 20 நிமிஷமாவது. பெஞ்ச்ல இருந்து வர்றவங்களுக்கு இது அநியாயம்னுதான் நான் சொல்வேன். அலெக்ஸ் கரூசோ 2024-25ல அந்தக் கணக்குக்கு வரல, லிஸ்ட்ல பேரும் இல்ல. ஆனா பிளேஆஃப்ல டென்வர் கூட 7வது கேம்ல ஆறரை அடிகூட இல்லாத அந்த மனுஷன்தான் அவங்க சென்டர் யோக்கிச்சை முட்டிக்கிட்டு நின்னாரு, அவரோட டீம் தண்டர் அந்த வருஷம் சாம்பியன். சீசன் நடுவுலயே அவருக்கு 4 வருஷத்துக்கு 8.1 கோடி டாலர் எழுதிக் குடுத்துட்டாங்க.