நெல் விலை அறிவிப்பைப் படிப்பது எப்படி: சித்தூர் தாலுகா விவசாயிகளுக்கு

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நெல் போடுகிறவன் நான். "கிலோவுக்கு இவ்வளவு ஏற்றிவிட்டார்கள்" என்று செய்தி வந்தால், முதல் வேலையாக ஒரு தாளில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் மத்திய ஆதரவு விலை, மற்றதில் கேரள அரசின் கூடுதல் தொகை.

2022-23இல் கிலோவுக்கு 20.40 ரூபாயும் 7.80 ரூபாயும். 2023-24இல் 21.83ம் 6.37ம். 2024-25இல் 23.00ம் 5.20ம். கூட்டிப் பாருங்கள், மூன்று வருஷமும் அதே 28.20! டெல்லி ஏற்றியதைத் திருவனந்தபுரம் தன் பங்கில் கழித்துக்கொண்டது. உரமும் கூலியும் ஏறிய காலத்தில் எங்கள் கைக்கு ஒரு பைசா கூடவில்லை. இன்றும் எனக்கு ஆறவில்லை. 2025-26இல்தான் 23.69உடன் 6.31 சேர்ந்து 30 ஆனது. ஆகவே இரண்டாவது கட்டம் நிரம்பும்வரை வரவுக் கணக்கு எழுதாதீர்கள்.

அடுத்து, பணம் வரும் வழி. கேரள அரசின் கொள்முதல் நிறுவனமான சப்ளைகோவுக்காக மில்காரர் நெல்லை எடுத்து, நெல் பெற்றதற்கான பி.ஆர்.எஸ். ரசீது தருவார். அதை வைத்து வங்கி தருவது உங்கள் பெயரில் கடன். அடைக்க வேண்டியது சப்ளைகோ. அடைந்ததா என்று பாஸ்புக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடையில் கழிக்கும் பேச்சு தொடங்கும். வெயிலில் காலால் கிளறிக் காயவைத்த நெல்லைப் பனி இறங்கும் முன்பே அளக்கச் சொல்லுங்கள். பனி இறங்கிய பிறகு மீட்டர் வைத்தால் அதே நெல் வேறு கணக்குக் காட்டும். மில்காரர் வராமலும் போகலாம். நூறு கிலோ நெல்லுக்கு மில் 68 கிலோ அரிசி திருப்பித் தர வேண்டும் என்பது மத்திய அரசு விதி, அவ்வளவு முடியாது என்பது மில்கள் பக்கம். அந்தப் பேச்சு இழுக்கும்போது நெல் களத்தில்தான் கிடக்கும். தார்ப்பாய் தயாராக இருக்கட்டும்.

தண்ணீரும் இப்படித்தான். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூருக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. 1970இல் கையெழுத்தாகி, 1958 முதல் செல்லும் ஒப்பந்தம் அது. 30 வருஷத்துக்கொருமுறை மறுஆய்வு என்றார்கள். 1988இல் வர வேண்டிய மறுஆய்வே இழுத்துக்கொண்டு போனது. மூலத்தரை மதகில் தண்ணீர் திறப்பதை விசாரிக்காமல் நாற்று விடாதீர்கள்.

மனு எழுதும்போது "விலையை உயர்த்துக" என்று மட்டும் எழுதினால் போதாது. மாநிலப் பங்கை விதைப்புக்கு முன்பே அரசாணையாக வெளியிடவும், மத்திய உயர்வைக் கழிக்காமல் தரவும் தனித்தனி வரியில் கேளுங்கள். பாடசேகர சமிதி என்ற வயல் விவசாயிகள் குழுவின் தீர்மானத்தோடு, வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.