புவித்தட்டுகளின் எல்லைகளை நாமே இனம் காண்பது எப்படி?

நிலநடுக்கங்கள் குறிக்கப்பட்ட உலக வரைபடத்தைப் பார்த்தால், புள்ளிகள் எல்லா இடத்திலும் சிதறிக் கிடக்காமல், நீண்ட கோடுகளாகத் திரண்டிருப்பது தெரியும். அக்கோடுகளில் பெரும்பாலானவை புவித்தட்டுகளின், அதாவது புவியின் மேற்பரப்பாக அமைந்து மெல்ல நகரும் பெரும் பாறைப் பலகைகளின், எல்லைகள். ஓர் எல்லை எந்த வகையைச் சேர்ந்தது (தட்டுகள் விலகுவதா, இணைவதா, உரசிச் செல்வதா) என்பதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நிலநடுக்கத்தின் ஆழத்தைப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். இடமும் ஆழமும் தரப்பட்ட வரைபடம் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு தொடருங்கள்.

படி 1: கடற்கரையை எல்லையாகக் கொள்ளாதீர்கள்

தொடக்கத்தில் பலரும் செய்யும் பிழை இதுதான். புவியின் மேலோடும் அதன் கீழுள்ள கவசம் என்ற பாறை அடுக்கின் இறுகிய மேற்பகுதியும் சேர்ந்து, ஏறத்தாழ 100 கி.மீ. தடிமன் கொண்டதே ஒரு தட்டு. தென் அமெரிக்கத் தட்டு அக்கண்டத்தின் கிழக்குக் கரையோடு முடிவதில்லை. அட்லாண்டிக் பெருங்கடலின் நடுப்பகுதி வரை நீள்கிறது.

படி 2: விலகும் எல்லையைத் தேடுங்கள்

அட்லாண்டிக்கின் நடுவே வடக்கு தெற்காகச் செல்லும் புள்ளிகளைத் தொடருங்கள். அங்கே கடலடியில் ஒரு மலைத்தொடர் இருக்கிறது. அதன் இருபுறத் தட்டுகளும் ஆண்டுக்குச் சுமார் 2 முதல் 4 செ.மீ. வரை விலகுகின்றன. விலகும் இடத்தில் கவசப் பாறை மேலெழும்போது அதன் மீதான அழுத்தம் குறைவதால், வெப்பம் கூடாமலேயே அதன் ஒரு பகுதி உருகி, புதிய கடல்தளமாக உறைகிறது. மாக்மா (உருகிய பாறைக்குழம்பு) பீறிட்டு வந்து தட்டுகளைத் தள்ளுகிறது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். தட்டுகள் விலகுவதால்தான் பாறை உருகுகிறது. இங்கே நிலநடுக்கங்கள் ஆழமற்றவை.

படி 3: இணையும் எல்லையில் ஆழத்தைப் படியுங்கள்

இந்தப் படிக்குச் சற்று அதிக நேரம் கொடுங்கள். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்கு நோக்கி ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் குறித்துக்கொண்டே செல்லுங்கள். கரையருகே சில பத்து கி.மீ. ஆக இருக்கும் ஆழம், உள்நாட்டில் 100, 200 என்று கூடி, சில இடங்களில் 600 கி.மீ.யையும் தாண்டும். பசிபிக் கடலடியிலுள்ள கனமான நாஸ்கா தட்டு கண்டத்தின் அடியில் சரிந்து இறங்கும் பாதையைத்தான் இப்போது எண்களாகப் பார்க்கிறீர்கள். இதற்குக் கீழமிழ்தல் என்று பெயர். அமிழும் தட்டு சுமார் 100 கி.மீ. ஆழத்தை எட்டும்போது, அதன் கனிமங்களிலிருந்து வெளியேறும் நீர் மேலுள்ள கவசப் பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. ஆண்டிஸ் எரிமலைகள் அவ்வாறே உருவாகின. இதுவரை கருவிகளால் பதிவான நிலநடுக்கங்களிலேயே மிகப் பெரியது, 9.5 அளவுடன் 1960இல் சிலியில் இந்த எல்லையில்தான் நிகழ்ந்தது.

இரு கடல்தட்டுகள் இணைந்தால், பழையதும் குளிர்ந்ததுமான தட்டு அமிழும். மேற்குப் பசிபிக் கடலடியிலுள்ள ஆழமான பள்ளமான மரியானா அகழி அதற்குச் சான்று. இரண்டும் கண்டங்களாக இருந்தால், பாறை இலகுவாக இருப்பதால் எதுவும் எளிதில் அமிழாது. இந்தியாவும் யுரேசியாவும் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மோதத் தொடங்கியபோது, இடையிலிருந்த கடலின் படிவுகள் நசுங்கி உயர்ந்தன. எவரெஸ்ட் உச்சியில் கடல் சுண்ணாம்புப் பாறை இருப்பது இதனால்தான்.

படி 4: உரசிச் செல்லும் எல்லையைப் பிரித்தறியுங்கள்

கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவுக்கு வாருங்கள். இங்கே பசிபிக் தட்டும் வட அமெரிக்கத் தட்டும் பக்கவாட்டில் நகர்வதால், நிலம் பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை. பெரும்பாலான நிலநடுக்கங்கள் 20 கி.மீ.க்குள் அடங்கும். விலகும் எல்லையிலும் ஆழம் குறைவுதானே என்ற ஐயம் இங்கே எழுவது இயல்பு. அதைத் தீர்க்க எரிமலைகளைத் தேடுங்கள்: ஆழம் குறைவாக இருந்து, எல்லைக்கோட்டின் நெடுகிலும் எரிமலை வரிசை இல்லையென்றால், அது பெரும்பாலும் உரசிச் செல்லும் எல்லை.