வசனம் சொல்லிவிட்டால் போதுமா?

வேதமே அதிகாரம் என்று சொல்லாத கிறிஸ்தவர் அரிது. ஆனால் பேச்சு வாக்கில், வேதம் இருக்க வேண்டிய இடத்தில் நம்முடைய வியாக்கியானத்தை உட்கார வைத்துவிடுகிறோம்.

ஒற்றை வசனத்தோடு வாதத்தை முடித்துக்கொள்வதைப் பாருங்கள். மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் பிசாசும், தேவதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், கீழே குதி என்று இயேசுவிடம் 91-ஆம் சங்கீதத்தைத்தான் எடுத்துச் சொல்கிறான். இயேசு அந்த வசனத்தை மறுக்கவில்லை. "பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே" என்கிறார். அந்த "என்றும்" என்பதில் ஒட்டியிருக்கும் உம்மையில்தான் எல்லாம் இருக்கிறது. இன்னொன்றும் எழுதியிருக்கிறது, இரண்டையும் சேர்த்து வாசி என்று அர்த்தம். யோபுவின் நண்பர்கள் பேசியதும் கேட்க நல்ல பக்திப் பேச்சுதான். ஆனால் அவர்கள் தம்மைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை என்று 42:7-இல் கர்த்தரே சொல்லிவிடுகிறார்.

உங்கள்பேரில் நான் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கு என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11-ஐ வேலைக்கும் கல்யாணத்துக்கும் எடுத்துக்கொள்கிறோம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அவர்கள் திரும்பி வர 70 வருஷம் என்று முந்தின வசனமே கணக்கு சொல்கிறது. கேட்டவர்களில் பெரியவர்கள் அதற்குள் இறந்திருப்பார்கள். ஆறுதல் உண்டு, அவசர ஆறுதல் இல்லை.

அப்புறம், "வேதம் போதும், சபை வரலாறு எதற்கு?" என்ற பேச்சு. 1521-இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசு மன்றத்தில் சபைச் சீர்திருத்தவாதி லூத்தர், போப்புகளும் சபைச் சங்கங்களும் தவறியிருக்கிறார்கள், என் மனசாட்சி தேவ வசனத்துக்குக் கட்டுப்பட்டது என்றார். முன்னோரை வாசிக்காதே என்று சொல்லவில்லை. இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின், ஆதிச் சபைப் போதகரான அகஸ்டினை அடிக்கடி மேற்கோள் காட்டுவார். தீர்ப்பு வேதத்துடையது, சாட்சி சொல்ல மற்றவர்களும் வரலாம்.

கத்தோலிக்கர் சபையை வேதத்துக்கு மேலே வைக்கிறார்கள் என்று ஒரே வரியில் தள்ளுவதும் சரியில்லை. மரபையும் வேதத்தோடு சேர்த்து மதிக்கிறார்கள், மெய்தான். ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965-ஆம் ஆண்டு ஏடு, போதிக்கும் அதிகாரம் தேவ வார்த்தைக்கு மேற்பட்டதல்ல, அதற்குப் பணி செய்வது என்கிறது. அவர்கள் சொன்னதோடு வாதாடுங்கள்.

பிரசங்கியார் சொன்னால் சரி என்று விட்டுவிடுகிறவர்கள் அப்போஸ்தலர் 17:11-ஐப் பார்க்கலாம். பெரேயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தில் தினமும் ஆராய்ந்தார்கள். அதற்காகப் பாராட்டும் பெற்றார்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது, வேதத்தின் அதிகாரத்தை அடுத்தவர்மேல் மட்டும் செலுத்துவது. புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள் என்னும் எபேசியர் 5:22 பல கணவர்களுக்கு மனப்பாடம். அது மனைவிகளுக்கு எழுதியது. கணவர்களுக்கு எழுதியது 25-ஆம் வசனம், சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்த கிறிஸ்துவைப் போல அன்புகூரச் சொல்கிறது. அதை மனைவியிடம் வாசித்துக் காட்டும் கணவரை நான் இன்னும் பார்த்ததில்லை.