ஒட்டு மீசையும் கரகர மைக்கும்: என் அனுபவம்

ஸ்கூல் பசங்களுக்கு இங்கிலீஷ் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸா வேஷம் போட்டு ஷோ பண்றேன், 1858-ல இருந்து அவரே ஊர் ஊரா போய் டிக்கெட் போட்டு தன் கதைகளை மேடையில வாசிச்சாரு இல்லையா, அந்த ஸ்டைல்ல. பிரச்சனை என்னன்னா நடுநடுவே ஸ்பீக்கர்ல கரகரன்னு ஒரு சத்தம், கடைசி வரிசைப் பசங்க சிரிக்க ஆரம்பிச்சா கதை அவ்ளோதான்.

பேட்டரி மாத்தினேன், கேபிள் மாத்தினேன், சேனல் மாத்திப் பாத்தாச்சு, சவுண்ட் பாக்குறவர் ரிசீவர்தான் (வயர்லெஸ் மைக்கோட சிக்னலை வாங்குற பெட்டி) காரணம்னு அடிச்சு சொன்னாரு, அதையும் மாத்தியாச்சு, ம்ஹூம். கன்னத்து மைக்குக்குப் பஞ்சு உறை போட்டதும் இன்னும் மோசம்.

ரெக்கார்டிங்கை ஹெட்ஃபோன்ல கேட்டப்பதான் புடிபட்டுச்சு. ப, ம வர்ற இடத்துல மட்டும்தான் சத்தம், வாய் திறந்தே இருக்குற ஆ, ஏ எல்லாம் சுத்தமா இருக்கு. உதடு மூடித் திறக்கும்போது ஒட்டு மீசையோட ஓர முடி மைக்ல உரசுது! சவுண்ட் செக் எல்லாம் மேக்கப்புக்கு முன்னாடியே முடிஞ்சிடும், அப்புறம் இந்தக் கோளாறு எப்படி கண்ணுல மாட்டும்.

மைக்கைக் கன்னத்துல இருந்து எடுத்துட்டு, பெரிய நாடகங்கள்ல வைக்கிற மாதிரி குட்டி மைக்கா வாங்கி விக் ஓரம் நெத்தி நடுவுல வச்சேன். தலையைத் திருப்பினாலும் வாய்க்கும் மைக்குக்கும் தூரம் மாறாது. வயரை விக்குக்கு அடியில கொண்டுபோய் கழுத்துக்குப் பின்னாடி மெடிக்கல் டேப் போட்டு ஒட்டிட்டு, குனிஞ்சா இழுக்காம இருக்க கொஞ்சம் தளர்வா விட்டேன். கரகரப்பு போயே போச்சு.

கெயின் (மைக் சிக்னலைப் பெருக்குற அளவு) மட்டும் கொஞ்சம் ஏத்தணும், ஸ்பீக்கர் நமக்கு முன்னாடி இருக்கணும், பின்னாடி இருந்தா ஸ்பீக்கர் சத்தமே மைக்ல திரும்பப் புகுந்து கூவும்.